ரைட் என்றொரு ஏவல்

குளியலறை வாசலில் வழுக்கி, வலப்பக்க இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்கு எலும்பு கூடிவிட்டது, துணிவுதான் கூடவில்லை. பணிக்காலம் முழுவதும் வண்டி நிறைய மனிதர்களை மலைச்சாலையில் ஏற்றி இறக்கியவர், இன்று கட்டில் விளிம்பில் வாக்கரை இறுகப் பற்றிக்கொண்டு எழுவதும் அமர்வதுமாக இருந்தார். எதிரே கழிப்பறைக் கதவு. அதற்குள் தாமாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வேறொன்றும் அவருக்கு வேண்டியதில்லை. மனைவியின் கையில் பெட்பேனைக் காணும்போதெல்லாம் கூனிக் குறுகிப்போனார்.

"மெதுவா எழுந்திருங்க. விழுந்துடாதீங்க," என்றார் மனைவி.

விழாதே என்பது என்ன ஏவல்? உண்ணாதே, ஓடாதே என்றால் கேட்பவன் கட்டுப்படலாம். விழுதல் என்ன, ஒருவன் எண்ணிச் செய்யும் வினையா, விலக்கினால் விட்டுவிட? ஆயினும் வருவோர் போவோர் எல்லாரும் அந்தச் சொல்லையே அவர் தலையில் கொட்டினர். கேட்ட மாத்திரத்தில் ஈரத்தரை கண்முன் வந்து நிற்கும், எழுந்தவர் மறுபடி அமர்ந்துவிடுவார்.

"நீ அதைச் சொல்லாம இருந்தாலே பாதி தூரம் போயிடுவேன்."

"ஆமா, அன்னிக்கு நான் சொல்லித்தான் வழுக்குச்சாக்கும்."

பயிற்சி தர வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தாள். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஐயா, நான் சொல்ற காலை மட்டும் எடுத்து வைங்க."

அவர் எழுந்து வாக்கரை முன்னே நகர்த்தினார். முதலில் முறிந்த பக்கத்துக் காலை வைக்க வேண்டும்.

"ரைட்," என்றாள் அவள்.

நடத்துநர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் வண்டியை எடுக்க வேண்டும். அவருடைய உடம்புக்கு அதுதான் தெரியும். எடுத்துவிட்டார். வலக்கால், இடக்கால், வாக்கர், மறுபடி வலக்கால் என மளமளவென்று போனார்.

"ஐயா, ஐயா, நான் வலது காலைச் சொன்னேன். நில்லுங்க."

"போகச் சொல்லிட்டு நில்லுன்னா எப்படிம்மா?"

சொன்ன பிறகே, தாம் அறையின் நடுவில் நிற்பது அவருக்கு உறைத்தது. எட்டிப் பிடிக்கச் சுவர் இல்லை. மனைவி வாயைத் திறந்தார். அந்தப் பெண் கையமர்த்தினாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

திரும்பிப் போகவும் ஏறத்தாழ அதே தொலைவுதான், திரும்பினால் பெட்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரைத் தள்ளினார். கதவு சாத்தப்பட்டது.

"தாழ்ப்பாள் போடலையே?" கதவில் காதை வைத்துக்கொண்டு கேட்டார் மனைவி.

"போடல. நீ அங்கிருந்து போ."

"நான் இங்க இல்லை."

உள்ளே அவர் சுவர்க்கம்பியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். கதவின் அடியிடுக்கில் மனைவியின் கால் நிழல் அசையாமல் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகே, ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தார்.