சைரன் வைக்கும் இடம்

புவியியல் இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான் கணினி நிரல் எழுதக் கற்பிக்கிறேன். ஆற்றின் வயதைச் சொல்லிவிடுவார்கள்; திறந்த அடைப்புக்குறியை மூட மறந்துவிடுவார்கள். எனக்குச் சம்பளம் அந்த அடைப்புக்குறிக்குத்தான்.

இந்தத் தவணை நிஜ வேலை வந்தது. பெல்மதுளைக்கு மேலே மண்சரிவு அபாயமுள்ள மலை. அங்கே எச்சரிக்கை சைரன் ஒன்று வைக்கப்போகிறார்கள். எங்கே என்று காட்டும் வரைபடத்தைத் திங்கட்கிழமை எங்கள் வகுப்பு கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ப் பெயர், முகவரி, ஜி.பி.எஸ். இருப்பிடம் எல்லாம் போனில் பதிந்து வந்தார்கள். எல்லா வீடுகளுக்கும் நடுப்புள்ளியை நிரல் சொல்லும்.

ஓட்டினோம். புள்ளி டவுன் சந்தியில், கடைகளுக்கு நடுவே விழுந்தது.

"கம்ப்யூட்டருக்கும் பேக்கரி வாசம் தெரியும் போல," என்றான் மஹ்ரூப். அவன் வாப்பாவின் கடை அந்தச் சந்தியில்தான்.

சர்மிளா சிரிக்கவில்லை. அவள் மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை; தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள்.

"சேர், எங்க லயம் எங்க போச்சு? மழையில நனைஞ்சுகிட்டு நாந்தானே பதிஞ்சேன்."

தரவில் இருந்தது. வரைபடத்தில் இல்லை. காரணம், முதல் வகுப்பில் நான் பெருமையோடு கற்றுக்கொடுத்த ஒரு வரி: எந்தக் கட்டமாவது வெறுமையாக இருந்தால் அந்த வீட்டை நீக்கிவிடு.

"முகவரிய ஏன் நிரப்பல?"

"லயத்துக்கு ஏது சேர் வீட்டு நம்பர்? காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பொய் நம்பர் போட மனசு வரல."

"மண்ணுக்கு முந்தி சேரே லயத்த எறக்கிட்டாரு," என்றான் மஹ்ரூப்.

இருப்பிடம் இல்லாவிட்டால் மட்டும் நீக்கு என்று சர்மிளா அந்த வரியை மாற்றினாள். மறுபடி ஓட்டினோம். புள்ளி சந்தியை விட்டு ஏறித் தேயிலைக்குள் போய் நின்றது.

இப்போது மஹ்ரூபுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப கீழ கேக்குமா? எங்க உம்மா கடைக்குப் பின்னாலதான் படுக்கிற."

"மண்ணு எங்களத் தாண்டித்தானே ஒங்க கடைக்கு வரணும்," என்றாள் சர்மிளா. "நாங்க முழிச்சா கத்துவோம்."

இதற்குக் கட்டளை எதுவும் நான் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"கத்துறத நம்பி படுக்க ஏலாது," என்றான் மஹ்ரூப் கடைசியில். "ரெண்டு சைரன் கேட்டு எழுதுங்க சேர். ஒண்டுதான் தருவாங்க எண்டா, அது மேலேயே இரிக்கட்டும்."

அப்படியே எழுதி அனுப்பினோம்.