மறிச்சுக்கட்டிப் பூ

பட்டணத்தில் வாங்கிய ஸ்பிரிட் போத்தலோடு படலையைத் திறந்தபோது வேம்பில் கட்டியிருந்த ஓர்கிட்டில் பூ இல்லை. தண்டு மட்டும், கத்தியால் வெட்டிய பச்சைக் காயத்தோடு நின்றது. ஆடு கடித்தால் இவ்வளவு நேராக வெட்டுப்படாது.

மறிச்சுக்கட்டிக் காட்டுப் பக்கம் சரிந்து கிடந்த பாலைமரத்திலிருந்து, அனுமதி எடுத்து, அந்த ஓர்கிட்டைப் பிரித்துவந்து வேம்பில் கட்டியவள் நான். இலை எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. பூக்கட்டும், பார்ப்போம் என்றார் என் தாவரவியல் பேராசிரியர். இரண்டு வருடமாகப் பூக்கவில்லை, சனியன். அன்று காலைதான் ஒரேயொரு பூ விரிந்திருந்தது. மங்கல் மஞ்சள், கீழிதழில் ஊதாக் கோடுகள். போனில் படம் எடுத்தேன். ஆனால் படத்தைக் காட்டிப் புது இனம் என்றால் யார் நம்புவார்கள்? பூவே வேண்டும். பிரித்து அளந்து, ஸ்பிரிட்டில் போட்டு வைக்கவேண்டும். செடியோ வாடிக்கொண்டு வந்தது. இன்னொருமுறை பூக்குமா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

“அம்மா! பூ எங்கை?”

அம்மா வெள்ளைச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். “இன்னாசி அண்ணைக்குக் குடுத்திட்டன். இந்த வெயிலுக்கு ஊரில எங்கையடி பூ? அந்த மனுசன் பிளாஸ்ரிக் பூவோடயே போறது? பெட்டி மூடப் போறாங்கள் ஜெயனி, கெதியா வெளிக்கிடு.”

“ஐயோ, என்ன வேலை செய்தனீங்கள்!”

இன்னாசிமுத்து மாமா அடுத்த வீடு. முந்தின நாள் கடலால் வந்து, வள்ளத்தை இழுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், பிறகு எழும்பவேயில்லை.

பந்தலுக்குள் சனம் வரிசையில் நின்று, நெற்றியில் முத்தமிட்டுக் கடைசி முத்தி செய்துகொண்டிருந்தது. செபமாலை சுற்றிய அவர் விரல்களுக்கிடையில் என் பூ. எடுத்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான்தானா என்று எனக்கே திடுக்கிட்டது. குனிந்தேன். அந்தக் குளிர்ந்த நெற்றியில் என் உதடு பட்டபோது, விரல்கள் பூவைப் பிடித்துப் பாதி இழுத்துவிட்டன.

“விழப்போகுதே.” தலைமாட்டில் இருந்த அவர் மனைவி செலீனா மாமி என் கையைப் பிடித்தார். “நல்லா உள்ளுக்கு வைச்சு விடு பிள்ளை. கடலுக்குப் போகேக்கையும் நான் இந்தாளை வெறுங்கையோட விட்டதில்லை.”

வைத்தேன். அழுத்தி, ஆழமாக வைத்தேன். மூடி இறங்கியது. ஆணி அடிக்கும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. அம்மா வந்து என் கையைப் பிடிக்கப் போனார்.

“தொடாதேங்கோ!”

கத்திவிட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. ஓர்கிட்டின் மகரந்தம் தூளாக உதிராது, கட்டியாக ஒட்டும். சுட்டுவிரல் நுனியில் இரண்டு கட்டிகள், கடுகைவிடச் சின்னதாய், மஞ்சளாய் ஒட்டியிருந்தன. பெட்டியைத் தூக்கினார்கள். கடற்காற்று படாமல் அந்த விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, நானும் பின்னால் நடந்தேன்.