பதினாறாம் அதிகாரத்து அடிக்குறிப்பு

வேதாகமத்துக்குப் பிழை பார்க்க அந்த அச்சகத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி கமா, முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி மூலத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். ஒருத்திக்கு வாசிப்புக்காரி, மற்றவளுக்கு விரல்காரி என்றே பேர் விழுந்துவிட்டது.

அன்றைக்கு மாற்கு சுவிசேஷம், கடைசி அதிகாரம். விசுவாசிகள் நோயாளிகள்மேல் கை வைத்தால் குணமாவார்கள் என்ற வசனம் வந்தது. அதை வாசிக்க வாசிப்புக்காரிக்குத் தாளே வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால், போதகரான அவள் அண்ணன் அதைச் சொல்லித்தான் கடைக்குட்டித் தங்கையின் தலையில் கை வைத்தான். சின்ன வயசிலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டு வந்தவள். "இனி ஊசி வேண்டாம்" என்றான். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

"நீ ஃப்ரிட்ஜ்ல மருந்தை ஒளிச்சு வெச்சியே, அந்தச் சந்தேகந்தான் அவளைக் கொண்டுபோச்சு" என்றான் அண்ணன். இவளும் நம்பினாள், பாவி மகள். அன்றிலிருந்து தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

இப்போது அச்சாகும் புதுப் பதிப்பில் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

"மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் ஒன்பது முதல் இருபது வரையுள்ள வசனங்கள் இல்லை, முற்றுப்புள்ளி."

வாசித்தவள் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, தொண்டை அடைச்சிடுச்சா?"

"கை வெக்கிற வசனம் எத்தனாவதுடி?"

"பதினெட்டு."

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்த் தாளை நீட்டினாள். அவன் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"இதுக்கா ஓடி வந்தே? வேதப் பாடசாலையில முதல் வருஷமே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"அவ தலையில கை வெச்சப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சதை எல்லாம் சபையில சொல்லிட்டிருக்க முடியுமா? தெளிஞ்ச குளத்தைக் கலக்கணுமா?" என்றவன், குரலைத் தணித்தான். "விசுவாசம் ஒரே ஒரு வசனத்துல நிக்கலம்மா."

"அவ உசுரு அதுலதாண்ணா நின்னுச்சு."

பழக்கம் விடுமா? கண்ணை மூடி, ஜெபம் பண்ண அவள் தலையை நோக்கிக் கையைத் தூக்கினான். அவள் ஓரடி பின்னால் போனாள். கை அந்தரத்தில் நின்றது.

"அந்தக் கையை நீயே வெச்சுக்கோ" என்று படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் லூக்கா, முதல் அதிகாரம். உனக்குப் போதிக்கப்பட்டதெல்லாம் நிச்சயம் என்று நீ அறியவே இதை எழுதுகிறேன் என்று தொடங்கும் இடம். கமாவையும் விடாமல் வாசித்தாள்.

"சத்தமா வாசிங்கக்கா, ஒண்ணுமே கேக்கல" என்றாள் விரல்காரி.