பில் புத்தகத்தில் மஞ்சள்

எங்கள் மருந்துக் கடையின் லைசென்ஸ் 2003 டிசம்பரோடு முடிய இருந்தது. மைசூர் அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்து என் தகப்பனார் மர்பி டவுனில் தொடங்கிய கடை. அம்மா பெயரில் ஜகதாம்பாள் மெடிக்கல்ஸ். மருந்து விற்கும் நேரமெல்லாம் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து வருஷமாக அந்தப் பெயர் என் மருமகள் ஸ்னேஹாவுடையது. அவளுடைய சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்தில் கல்லாவுக்கு மேலே தொங்கியது. அவள் மாடியில் சமையலறையில் இருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கவுண்டரில் நின்றதில்லை. சாயங்காலம் பில் புத்தகத்தை நானே மேலே எடுத்துப் போவேன். கையெழுத்துப் போட்டுத் தருவாள்.

புதுப்பிக்க மனுக் கொடுத்ததும் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா வந்தார். பில்களைப் புரட்டியவர் ஒரு பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

“ஏன் ஸ்வாமி, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சப்பொடி, சாம்பார் வாசனை! உங்க பார்மசிஸ்ட் மாத்திரை கொடுக்கறாங்களா, தாளிக்கறாங்களா?”

புத்தகத்தை மூடிக் கல்லாவின்மேல் வைத்தார்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தம்மா இங்க நிக்கணும். நாலு கேள்வி கேப்பேன். சரியா இருந்தா புதுப்பிக்கலாம்னு எழுதிடறேன்.”

அன்று சமையலறை வாசலில் நின்றேன். “நாளைக்கு ஒரு மணி நேரம் கடைக்கு வரணும்.”

ஸ்னேஹா குழம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “கல்யாணமான புதுசுல நானே கேட்டேன், மாமா. இருமல் மருந்து விக்கறதுக்கா உன்னைப் பண்ணிண்டு வந்தோம்னேள்.”

“ஆமாம். சொன்னேன்.”

“வரேன்.”

மறுநாள் கோவிந்தப்பா எதைக் கேட்டாலும் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பதுவரை சொன்னாள். அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. “இவ்வளவு தெரிஞ்சவங்களையா வீட்டுக்குள்ள வச்சிருந்தீங்க, பெரியவரே! சரிம்மா, கடைசியா ஒண்ணு. வலிப்புக்குக் கொடுக்கற பெனிடாயின் எடுங்க பார்ப்போம்.”

அவள் அகரவரிசையில் தேடினாள். நான் கம்பெனிவாரியாக அடுக்குகிறவன். அந்த மாத்திரை அட்டை என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் போதும், அவளுக்குப் புரிந்திருக்கும். கோவிந்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூன்று அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு அவள் திரும்பினாள். “எங்கே இருக்குன்னு தெரியாது, சார். இன்னிக்குத்தான் முதல் தடவையா இந்தக் கடைக்குள்ள வரேன்.”

“நான் இதைத்தான் எழுத முடியும், ஸ்வாமி,” என்றார் கோவிந்தப்பா. ஐந்து வருஷமாகப் பார்மசிஸ்ட் இல்லாமல் விற்பனை. புதுப்பிக்கப் பரிந்துரை இல்லை. கன்னடத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் போனபின் ஸ்னேஹா மர ஸ்டூலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“சர்டிபிகேட் என்னோடது, மாமா. ஆஸ்பத்திரி எதிலயாவது வேலை கேக்கப் போறேன்.”

என் குடும்பத்தில் யாரும் என்னிடம் அனுமதி கேட்காமல் முடிவு செய்ததில்லை.

சர்டிபிகேட்டைக் கழற்ற ஏறியவள் தடுமாறினாள். “ஸ்டூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ.”

குனிந்து பிடித்துக்கொண்டேன்.