ஏழாவது கேள்வி

எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மாடி வீட்டுக்காரி அழுக்குத் தண்ணீரை என் வாசலில் ஊற்றிப் பார்க்கட்டும், பேசியே குளிப்பாட்டி அனுப்பிவிடுவேன். என் வீட்டுக்காரர், "உன் வாய்க்கு ஒரு பூட்டு செய்யணும்டி" என்பார். அவருக்கு ஏன் அந்தச் சிரமம்? பூட்டு லாண்டரியில் தயாராக இருந்தது. காலையில் அந்த வாசலில் கால் வைத்ததுமே விழுந்துவிடும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விரிப்பு துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற லாண்டரி அது. கீழே நாங்கள் முப்பது பேர். மேலே ஆபீஸ். மேலே இருப்பவர்களின் பாஷை வேறு, அதை நாங்கள் மாடிப் பேச்சு என்போம். பதினோரு வருஷத்தில் அதில் நான் கற்றுக்கொண்டது, நம் பேச்சில் சொன்னால், இவ்வளவுதான்: சீக்கிரம். அடுத்தது. இதோ வரேன் சார். தப்பு என்னுதுதான் சார். ஆச்சு சார். மேலேயிருந்து எது விழுந்ததோ அதைப் பொறுக்கிக்கொண்டோம். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை, அதனால் அதற்குப் பதில் சொல்லும் வார்த்தையும் எங்களிடம் இல்லை.

தினமும் காலை வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் ஒரு அட்டையோடு கீழே இறங்குவார். நாங்கள் வரிசையாக நிற்போம். அவர் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக ராகம் போட்டுப் படிப்பார், பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் முப்பது பேரும் சேர்ந்து "ஆச்சு சார்" என்போம். பத்து முறை சொன்னதும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார். அவர் கேட்பது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தோம்.

பதினோராவது வருஷம்தான் என் நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். லாண்டரி அவளுக்குத் தற்காலிகம். ஒரு வருஷமாகச் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் மாடிப் பேச்சை எழுத்தோடு படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் எழுத்துப் பரீட்சை. தேறிவிட்டால் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை, மடிப்புக் கலையாத உடுப்பு. லாண்டரியில் எல்லோரும் அவளை "டிக்‌ஷனரி" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, காலைல அவர் என்ன கேக்கிறார்னு தெரிஞ்சுதான் எல்லாரும் ஆச்சு ஆச்சுங்கறீங்களா?"

"ஏன், வகுப்புல பதில் வேற மாதிரி சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஏழாவது கேள்வி என்ன தெரியுமா? இஸ்திரி மெஷின்ல இருக்கிற தடுப்புக் கம்பியக் கையால தொட்டு, மெஷின் நிக்குதான்னு பாத்தீங்களான்னு கேக்கிறார்."

கரண்டி என் கையிலேயே நின்றது. இஸ்திரி மெஷினில் ஆள் உயரத்துக்கு இரண்டு உருளை, கொதிக்கிற சூட்டில் சுற்றும். ஈர விரிப்பை இரண்டு பேர் பிடித்து வாய்க்குள் கொடுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் விரிப்பின் மடிப்புப் பட்டாலும் நின்று தொலைத்ததால், இரண்டு வருஷத்துக்கு முன் சூப்பர்வைசரே ஒரு துணிக்கிழிசலால் அதை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். முப்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

"அப்ப தினமும் நாம பொய் சொல்றோம் அண்ணி. நமக்கே தெரியாம."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "நீ வந்து ஒரு நாள்தான் ஆச்சு. வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றேன்.

இருந்தாளா? மறுநாள் ஏழாவது கேள்விக்கு இருபத்தொன்பது பேர் "ஆச்சு சார்" என்றோம். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, "இல்லை சார்" என்றாள் அவள். அதோடு நிற்கவில்லை. முழு வாக்கியமாக, நிறுத்தி நிதானமாக ஏதோ சொல்லி, கட்டியிருந்த கிழிசலைக் கை நீட்டிக் காட்டினாள். அந்தத் தரையில் நின்று மாடிப் பேச்சில் அவ்வளவு நீளமாகப் பேசிய முதல் ஆள் அவள்தான். எனக்கு அது அவள் குரல் மாதிரியே இல்லை.

சூப்பர்வைசர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ கேட்டார். "இவ்வளவு நல்லாப் பேச எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டார் அண்ணி" என்று பிறகு சொன்னாள். எட்டாவது கேள்வியைப் படித்தார். பத்தும் முடிந்து கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே அவளை மடிக்கிற மேஜையிலிருந்து எடுத்து, மெஷின் வாய்க்கு மாற்றிவிட்டார். எனக்குப் பக்கத்து இடம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவரைத் திட்ட வழியில்லாததால் அதையும் சேர்த்து வீட்டில் அவள் மேல் கொட்டினேன். "பெரிய வக்கீல் வந்துட்டா! படிச்சதைக் காட்ட உனக்கு வேற எடமே கெடைக்கலையா? நாளைக்கு அவர் கேட்டா ஆச்சுன்னு சொல்லு. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு." அவள் அழுதுகொண்டே செய்தாள். மறுநாளிலிருந்து சொன்னாள். என் பக்கத்தில் நின்று, எல்லோரையும் போல, தலையைக் குனிந்துகொண்டு. அப்பாடா என்று இருந்தது எனக்கு. என்ன ஒரு ஜென்மம் நான்!

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. மெஷினின் சுவிட்சு எங்களிடம் இல்லை. பத்தடி தள்ளி, நீராவிக்கு அந்தப் பக்கம், சுவிட்சுக்காரர் நிற்பார். அவர் வேறு எங்கிருந்தோ வந்தவர், நம் பேச்சு ஒரு சொல் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது மாடிப் பேச்சு மட்டும்தான், அதுவும் அதே அஞ்சு வார்த்தை. தடித்த விரிப்பு தீர்ந்ததும் நான் "ஆச்சு!" என்று கத்துவேன். அடுத்து வரும் மெல்லிய துணிக்காக அவர் வேகத்தைக் கூட்டுவார்.

"அண்ணி, 'நிறுத்து'ன்னு மாடிப் பேச்சுல எப்படிச் சொல்லணும், தெரியுமா?"

"பதினோரு வருஷமா யாரும் அந்த வார்த்தைய அங்க சொல்லி நான் கேட்டதில்ல. எதுக்கு அது?"

அவள் அதை நம் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி, பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே ஒட்டினாள். "தினம் தேய்க்கும்போது பத்து தடவை சொல்லுங்க, போதும்." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என் வீட்டுச் சமையலறையில் எனக்கே பாடமா? பிய்த்து, கசிகிற எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை பதினோரு மணி இருக்கும். நானும் அவளும் ஆளுக்கொரு முனையாக விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் பக்கத்து ஓரம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இழுத்தாள். வரவில்லை.

"அண்ணி!" என்று அலறினாள்.

நான் திரும்பினேன். நீராவிக்கு அந்தப் பக்கம் சுவிட்சுக்காரர், கை சுவிட்சின் நெம்புகோல் மேல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். அவரிடம் கத்தும்போது எது வருமோ அதுதான் என் தொண்டையில் இருந்தது. நான் வேண்டுமென்று எடுக்கவில்லை, அதுவாக வந்தது.

"ஆச்சு!" என்று கத்தினேன். "ஆச்சு! ஆச்சு!"

அவர் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அப்புறம் நான் கைகளை ஆட்டியதும், அவர் முகம் மாறியதும், மெஷின் நின்றதும் ஏழெட்டு விநாடிக்குள் நடந்திருக்கும். அந்த ஏழெட்டு விநாடியில் வலது கை முழங்கை வரை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் தலைக்குக் கீழே இருந்தது நாங்கள் இஸ்திரி போட்ட உறை. கண் விழித்த மூன்றாம் நாள் அவளாகவே பேசினாள்.

"எனக்கு அந்த வார்த்தை தெரியும் அண்ணி. நான் ஏன் அதைக் கத்தல? வலிச்சப்ப உங்களத்தான் கூப்பிடத் தோணுச்சு."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசர் அங்கேயும் வந்துவிட்டுப் போயிருந்தார். கம்பி கட்டப்படவே இல்லை, அன்று காலை அவளே தொட்டுப் பார்த்து ஆச்சு என்று சொன்னாள், அட்டையில் இருக்கிறது, முப்பது பேர் சாட்சி என்று சொன்னாராம். மறுநாள் விசாரணைக்கு வெளியே இருந்து ஒரு அதிகாரி வருகிறார். நம் பேச்சு தெரிந்த ஆள் அவரோடு கிடையாது.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நாலு வாக்கியம் போதும்" என்றாள். படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். கம்பி கட்டியிருந்தது. கட்டியது சூப்பர்வைசர். இரண்டு வருஷமாக அப்படியே இருக்கிறது. கேள்வி எங்களுக்குப் புரியாது. நான் தப்பாகச் சொன்னால் இடது கையால் கட்டிலைத் தட்டுவாள். பார்வை நேரம் முடியும் வரை சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். எண்ணெய் ஊறிய அந்தத் துண்டுக் காகிதத்தையும் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேலே ஆபீஸுக்கு எங்களை எட்டு எட்டுப் பேராகக் கூப்பிட்டார்கள். அந்த மாடிக்கு நான் ஏறியது அதுதான் முதல் தடவை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் சூப்பர்வைசர். எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். நாலு வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டால் போதும், கொட்டிவிடுவேன்.

அதிகாரி அதைக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அட்டையை நீட்டினார். அதிகாரி அதை வாங்கி, ஏழாவது கேள்வியில் விரல் வைத்து, என் முகத்தைப் பார்த்துப் படித்தார். அதே வார்த்தைகள், கிட்டத்தட்ட அதே ராகம். என் இரண்டு பக்கமும் ஆட்கள், தோளோடு தோள். நான் மூச்சை இழுத்தேன்.

"ஆச்சு சார்" என்றோம் எட்டுப் பேரும்.

என் குரல்தான் எல்லோருக்கும் முன்னால் கேட்டது. அவர் எழுதிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். சூப்பர்வைசர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். படிக்கட்டு இறங்கும்போது அந்த நாலு வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு தப்பும் இல்லாமல், என் வாயில் வந்தன.