திட்டு டாக்டர் பெயரில் ஒரு கட்டடம்

"இதுல என் பேரு எங்க?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

அழைப்பிதழின் அச்சுப்படி மேசைமேல் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரின் அண்ணனான மச்சாண்டார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். விழாக் குழுவின் தலைவர் அவர்தான். நகரத்திலிருந்து வந்திருந்த மகன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பேரு எதுக்கும்மா? தம்பி பேரு கட்டடத்து மேலயே இருக்கு. அது உன் பேரு மாதிரிதானே" என்றார் மச்சாண்டார்.

"திறந்து வைக்கிறது அக்கான்னு போட்டிருக்கே."

அக்கா என்பது மச்சாண்டாரின் மனைவி. பிரசவ வலி என்றால் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாதவள்.

"அமைச்சர் தலைமை, அவ ரிப்பன் வெட்டுறா. அதான் முறை. பிரசவ வார்டு அது. நாளைக்கு நூறு பொம்பளைங்க புள்ள பெத்துக்கப் போற எடம். முதல்ல கால் வச்சது யாருன்னு ஜனங்க பாப்பாங்க. நான் சொல்லல, ஊர் சொல்லும்."

"ஊர் வாயத் திறக்குறதுக்கு முன்னாடி நீங்க திறந்துட்டீங்க."

"அம்மா" என்றான் மகன். "பெரியப்பா உன் நல்லதுக்குத்தான் சொல்றார். நாலு பேரு முணுமுணுத்தா உனக்குத்தானே கஷ்டம். நீ பின்வரிசையில உக்காரு. எல்லாம் முடிஞ்சதும் நானே உன்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

அவள் மகனைப் பார்த்தாள். அப்பாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. மற்றது எதுவும் இல்லை.

திட்டு டாக்டர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். திட்டாமல் அவர் ஊசி போட்டதில்லை. சர்க்கரை வியாதிக்காரரின் சட்டைப் பையை உதறி மிட்டாயைக் கண்டுபிடிப்பார். "சாகணும்னா வீட்டுலயே சாகலாமே, எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்த?" என்பார். திட்டு வாங்கியவர் வெளியே வந்து, "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், இனிமே பயமில்ல" என்று சிரித்துக்கொண்டு போவார். அவர் யாரிடமாவது மெதுவாகப் பேசினால்தான் அந்த வீட்டில் அழுகை கிளம்பும்.

இரண்டு தடவை ஊராட்சித் தலைவராக இருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கி நிற்பார். குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த குப்பைமேட்டை அப்புறப்படுத்தியபோது அவருடைய ஸ்கூட்டர் டயரை யாரோ கிழித்தார்கள். அவர் நடந்தே வைத்தியம் பார்க்கப் போனார். டயரைக் கிழித்தவனின் வீட்டுக்கும் போனார். அன்று அங்கே குழந்தைக்குக் காய்ச்சல்.

ஒரு மதியம், நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனுக்குள்ளேயே ஒரு பெண் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. டாக்டர் அந்த வேனில் இருந்தார். அன்றைக்கு ஆரம்பித்த மனுவை அவர் பன்னிரண்டு வருஷம் எழுதினார். பிரசவ வார்டுக்கு அனுமதி வந்து, சுவர் எழும்பி, கூரை போடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மனைவி படித்த டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் ஊசிகளைக் கொதிக்கவைத்தது அவள்தான். டாக்டரிடம் சொல்லக் கூசியதைப் பெண்கள் சமையலறைக்கு வந்து அவளிடம் சொன்னார்கள். கடைசி இரண்டு வருஷம் அவர் கை நடுங்கியபோது, அவர் திட்டத் திட்டக் கட்டுப் போட்டதும் அவள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டருக்குத் தன்மேலேயே கோபம் இருந்தது. அண்ணன் மகளின் கல்யாணத்தில், கணவனை இழந்திருந்த தங்கையைச் சாமான் அறைக்குள் உட்காரவைத்திருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். படுக்கையில் கிடந்த நாட்களில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஊரையெல்லாம் கத்தினேன். கத்த வேண்டிய எடத்துல சோத்தத் தின்னேன்."

அச்சுப்படியை மச்சாண்டார் பக்கம் நகர்த்திவிட்டு அவள் எழுந்து போனாள்.

"பாத்தியா, புரிஞ்சுக்கிட்டா" என்றார் மச்சாண்டார், மகனிடம்.

விழா அன்று அமைச்சர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பதினொன்றுக்கும் வரவில்லை. புதுக் கட்டடத்து வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. எதிரே பந்தல், மேடை, ஒலிபெருக்கி. பழைய ஆஸ்பத்திரியின் கட்டில்களையெல்லாம் முந்தின நாளே புது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் காலையிலிருந்து வந்த நோயாளிகள் பழைய கட்டடத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் மனைவியும் பின்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தாள்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ஒரு கர்ப்பிணி, கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. கூடவே மாமியார். நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள்.

"எத்தனாவது?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

"ரெண்டாவதும்மா. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வலி மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் வருது" என்றாள் நர்ஸ்.

"அப்போ அரை மணி நேரம்கூட இல்ல. புது டாக்டர் எங்க?"

"அமைச்சரக் கூப்பிட ஊர் எல்லைக்குப் போயிருக்கார். ஃபோன் பண்ணேன். அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன், சமாளிங்கன்னார்."

"எங்க வச்சு சமாளிப்ப? இங்க ஒரு கட்டில் இருக்கா?"

நர்ஸ் ரிப்பன் கட்டிய வாசலைப் பார்த்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

"திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. என் வேலை போயிரும்."

"நான் திறக்கச் சொன்னேன்னு சொல்லு. எனக்குப் போறதுக்கு வேலை எதுவும் இல்ல."

தள்ளுவண்டியில் அந்தப் பெண்ணை ஏற்றினார்கள். வாசலருகே மச்சாண்டார் குறுக்கே வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, தட்டில் கத்தரிக்கோலோடு.

"என்ன பண்ற நீ?"

"வழி விடுங்க அத்தான்."

"ஒரு கால் மணி நேரம் பொறுக்க முடியாதா? கிளம்பிட்டாராம்."

"இவ பொறுப்பா. வயித்துல இருக்கறது பொறுக்காது."

"வேற யாராவது தள்ளிட்டுப் போகட்டும். நீ போகாத. சொன்னது உனக்குப் புரியலையா? உன்ன மாதிரி இருக்கறவங்க..."

"வேனுக்குள்ள ஒரு பொண்ணு செத்தாளே, அவளுக்கு முன்னாடி யாரு நடந்து போனா?" என்று கேட்டாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "பூவும் பொட்டுமா இருக்கறவங்கதான் வழியனுப்பி வச்சாங்க."

பதிலுக்குக் காத்திராமல் ரிப்பனின் முடிச்சில் கை வைத்தாள். வெட்டவில்லை. இரண்டு விரலால் இழுத்து அவிழ்த்து, கதவுப் பிடியில் தொங்கவிட்டாள். நர்ஸ் பூட்டைத் திறந்தாள்.

அப்போதுதான் மாமியார் வண்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க. நாங்க முதல்ல உள்ள போயிடுறோம். புள்ள நல்லபடியா பொறக்கணும்ல."

இந்த மாமியாருக்குத்தான் டாக்டரின் மனைவி, ஏழு வருஷத்துக்கு முன், கர்ப்பப்பை எடுத்த பிறகு ஒரு மாதம் கட்டு மாற்றியிருக்கிறாள். அவள் வண்டியின் பிடியை விட்டுவிட்டாள்.

விட்ட கையை வண்டியில் கிடந்தவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, சும்மா இருங்க" என்றாள் பல்லைக் கடித்தபடி. "அவங்க வரலன்னா நான் இங்கயே பெத்துடுவேன்."

மேற்கொண்டு பேச அவளுக்கு மூச்சில்லை. வண்டி உள்ளே போனது. கையை விடாததால் டாக்டரின் மனைவியும் பக்கத்திலேயே, அதே வேகத்தில் போனாள்.

இருபது நிமிஷத்தில் குழந்தை பிறந்தது. பெண். முதலில் சத்தமில்லை. நர்ஸ் முகம் கறுத்துப்போனாள். டாக்டரின் மனைவி குழந்தையைத் துணியால் அழுத்தித் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினாள். "அழு. ஊர்ப்பட்ட வேலை கிடக்கு, தூங்கவா வந்த? அழு" என்று திட்டினாள். குழந்தை அழுதது.

துணியில் சுற்றி மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் குழந்தையைப் பார்த்தாள். நீட்டிய கைகளையும் பார்த்தாள்.

"நர்ஸம்மா, நீங்க வாங்கிக் குடுங்களேன்" என்றாள்.

நர்ஸ் தயங்கினாள். டாக்டரின் மனைவியே குழந்தையை நர்ஸின் கையில் கொடுத்தாள். நர்ஸ் அதை மாமியாரிடம் கொடுத்தாள். ஒரு முழ தூரம்கூட இல்லை.

வெளியே அமைச்சர் வந்துவிட்டார். யாரோ ரிப்பனை மறுபடி கட்டினார்கள். கத்தரிக்கோல் வெட்டியது, கைதட்டல் கேட்டது. வார்டுக்குள் பிரசவம் நடந்திருப்பதால் உள்ளே வந்து பார்ப்பதை மட்டும் புது டாக்டர் தடுத்து, எல்லோரையும் மேடைக்கே திருப்பி அனுப்பினார். பேச்சு தொடங்கியது.

சன்னலுக்கு வெளியே மகன் வந்து நின்றான். வியர்த்திருந்தான்.

"அம்மா, இந்தச் சன்னலச் சாத்தணுமாம். குழந்தை சத்தத்துல பேச்சு கேக்கலையாம்."

"யாரு பேசுறா?"

"பெரியப்பா. அப்பாவப் பத்தி."

"பெத்தவளுக்குக் காத்து வேணும்டா. உங்கப்பா இருந்தா அந்த மைக்கை நிறுத்தச் சொல்லியிருப்பார்."

மகன் போகவில்லை. சன்னல் கதவைத் தொடவும் இல்லை. ஒலிபெருக்கியில் மச்சாண்டாரின் குரல் தழுதழுத்தது: "...பெண்களின் கண்ணீரைத் தன் கண்ணீராக எண்ணியவர் என் தம்பி. அவர் வழியில்தான் எங்கள் குடும்பமே நடக்கிறது..."

பந்தலில் பலமாகக் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிட்டு மறுபடி வீறிட்டது. டாக்டரின் மனைவி சன்னலின் இன்னொரு கதவையும் தள்ளித் திறந்து, கொக்கியை மாட்டினாள்.