காதுவலிக்கார அம்மா

கைடுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வாய் வராது. கல்லுளிமங்கன்! பெற்ற மகள் விஷயத்திலும் அதுதான் நடந்தது.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டைச் சுற்றிக் காட்டும் கலாசாரப் பயணம். ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு. இந்த நாட்டு அருங்காட்சியகம், பழைய அரண்மனை, நாடக அரங்கம் எல்லாம் கைடின் பொறுப்பு. எல்லைச் சாவடியில் தார் ரோட்டில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டோடு அவர் வேலை முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கைடு வேனோடு நிற்பான். அவன்தான் அவருடைய மகளைக் கட்டிக்கொண்டவன். "அந்தக் கோட்டைத் தாண்டினே, எனக்கு மகளே இல்லைன்னு நினைச்சுக்குவேன்" என்று கத்தியவர் இவர். அவளும் லேசுப்பட்டவளா என்ன? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிட்டாள்.

குழுவை ஒப்படைப்பதற்கு ஒரு முறை உண்டு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, யாருக்கு எழுந்து கிளம்பத் தாமதமாகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்பவர் கடைசியில் "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். மூன்று வருஷமாக மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதிலும் அவன் 'சார்' என்றுதான் கூப்பிடுவான்.

கோபம் எப்போதோ ஆறிவிட்டது. நேராகக் கேட்டால் கௌரவம் என்னாவது? அதனால் கைடு ஒரு தந்திரம் செய்தார். குழுவில் இல்லாத ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டார். "ஒரு அம்மாவுக்குக் குளிர்காத்து பட்டா காதுவலி வந்துடும். சன்னலை மூடிக்கச் சொல்லு" என்பார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் காதுவலி. அம்மா இல்லாத பிள்ளை. துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்ததெல்லாம் இவர்தான். மருமகன் வீட்டுக்குப் போய்ச் சொல்வான், அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், ஒருநாள் பதில் வரும் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தார்.

அன்றைக்குத் தூறல். தகரக் கூரையின் கீழே பயணிகள் பெட்டிகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கைடு வழக்கம்போல எல்லாம் சொல்லி முடித்து, காதுவலிக்கார அம்மாவுக்கு வந்தார். பயணிகளில் ஒருத்தியான டீச்சரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள், விடவில்லை. ஓய்வுபெற்றும் விசாரணை போடுகிற பழக்கம் போகாத ஜென்மம்.

"யாருக்குங்க காதுவலி? எங்க குழுவுல அப்படி யாருமே இல்லையே!"

கைடுக்கு முகம் செத்துவிட்டது. மருமகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அதான் சார், நானும் ஒவ்வொரு தடவையும் தேடறேன். ஆளைக் காணோம். எதுக்கு வம்புன்னு வேன் சன்னல் எல்லாத்தையும் மூடிடுவேன். உள்ள எல்லாரும் வெந்துபோவாங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு, வேற குழுவோட போட்டுக் குழப்பிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"அட மக்கு! உன் வீட்டுல யாருக்குடா காதுவலி?"

டீச்சரம்மா மெதுவாக நகர்ந்து பெட்டிகள் பக்கம் போய்விட்டாள்.

"அவளையா சொன்னீங்க, மாமா?"

முதல்முறையாக மாமா என்றான். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட நேரமில்லை.

"ஒருதடவை எனக்கே தோணிச்சு. அவ பேச்சைத்தான் நீங்க எடுக்கவே மாட்டீங்களே, அதனால விட்டுட்டேன். முதல் வருஷம் பூரா நான் வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள கேப்பா, அப்பா ஏதாவது சொன்னாரான்னு. ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிட்டேன்."

"இப்ப கேக்கறாளா?"

"இல்லை மாமா. அக்கம்பக்கத்துல யாராவது கேட்டா, அப்பா தவறிட்டாருன்னு சொல்றா."

கைடு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் மஞ்சள் பளபளத்தது. ஒரே ஒரு வார்த்தையை மூன்று வருஷமாகச் சுற்றி வளைத்துச் சுமந்தோமே என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. அந்தப் பக்கம் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று மருமகன் கேட்டான். இந்தத் தடவை வேலைக்காகக் கேட்டதல்ல.

"சன்னலை மூடிக்கச் சொல்லு. அப்பா சொன்னேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு."

அடுத்த குழுவைக் கோட்டுக்குக் கொண்டுவருகிற வரைக்கும் கைடு ஒரு நிலையில் இல்லை. அருங்காட்சியகத்தில் சிலையின் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் சர்க்கரையும் மூட்டுவலியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகன் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன் மாமா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சா."

"அப்புறம்?"

மருமகன் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்பவும் சன்னலை மூடிட்டுத்தான் படுப்பா, மாமா. அன்னைக்குக் குளிர்காத்துல வேணும்னே திறந்துவச்சுட்டுப் படுத்தா."